வீட்டிலேயே சிப்பிக் காளான்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காளானை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாலு நாள் வெயில் காய்ந்து, ஐந்தாம் நாள் இரவு ஒரு நல்ல மழை பெய்தால் போதும். மறுநாள் காலை பிரட்டுக்குப் போகிற வழியெல்லாம் குடை விரித்து நிற்கும். என் தாயார் பால் வெட்டு முடிந்து திரும்பும்போது, கண்ணில் பட்டதைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். அன்று இரவு எங்கள் லயத்து வீட்டில் காளான் பிரட்டல் மணக்கும்.

ஒரு நாள் அப்படி மணந்த பிரட்டல் எங்களைப் படுக்கையில் போட்டுவிட்டது. தோட்டத்துத் திடலின் புல்வெளியில் முளைத்திருந்த பெரிய வெள்ளைக் காளான் அது. குடையின் மேலே பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக இருந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் தம்பிக்கு வாந்தி, பிறகு எனக்கு, பிறகு அம்மாவுக்கு. நள்ளிரவில் டிரெசரை எழுப்பி, தோட்டத்து லாரியில் ஏறி, பட்டணத்து மருத்துவமனைக்குப் போனோம். மூவரும் பிழைத்தோம். ஆனால் அன்றிலிருந்து அம்மா காளானைக் கையால் தொடவில்லை. காளான் என்ற பேச்சை எடுத்தாலே, "அந்தப் பேய்க்குடையைப் பற்றிப் பேசாதே" என்பார்.

அந்தக் காளானை இன்று என்னால் ஓரளவு அடையாளம் சொல்ல முடிகிறது. புல்வெளியில் வளரும்; இளசாக இருக்கும்போது வெள்ளையாகவே இருக்கும்; முற்ற முற்றக் குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் பச்சை ஓடிப்போகும். நம் நாட்டில் மழைக்குப் பிறகு சர்வ சாதாரணமாகத் தென்படுகிற நச்சுக் காளான் இது. வெள்ளிக் கரண்டியைப் போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், பூச்சி கடித்த காளான் நல்ல காளான் என்றெல்லாம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சோதனைகளில் ஒன்றுகூட நம்பத் தகுந்ததன்று. நத்தையும் புழுவும் தின்று செரிக்கிற காளான் மனிதனைக் கொல்லலாம். ஆகவே, காட்டிலும் திடலிலும் முளைப்பதைப் பறிக்காதீர்கள், பிள்ளைகளையும் பறிக்க விடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் காளான் சாப்பிடவே கூடாதா என்று கேட்பீர்கள். சாப்பிடலாம். இன்ன காளான் என்று தெரிந்து, நம் வீட்டுப் பின்புறத்திலேயே வளர்த்துச் சாப்பிடலாம். அதற்கு வயலும் வேண்டாம், வரப்பும் வேண்டாம். இழை பரவிய பைகளாகவே இப்போது விற்கிறார்கள். வாங்கி வந்து, வாயைத் திறந்து, ஈரம் காட்டினால் காளான் வரும். சிப்பிக் காளான் என்று தமிழில் சொல்கிறோம். மலாய்க்காரர்கள் செண்டாவான் தீராம் என்பார்கள். குடை சிப்பி ஓடு மாதிரி ஒரு பக்கமாக விரிவதால் இந்தப் பெயர். சாம்பல் நிறத்திலும் வெள்ளை நிறத்திலும் நம் நாட்டில் கிடைக்கிறது. சாம்பல் நிறக் காளானுக்கு விஞ்ஞானிகள் நெடுநாள் வழங்கிய பெயர் சாஜோர் காஜு. உற்றுக் கேளுங்கள், அது நமக்குத் தெரிந்த மலாய்ச் சொல்தான். சாயூர் காயூ, அதாவது மரத்துக் கறி. சந்தைப் பேச்சில் இருந்த சொல் லத்தீன் பெயராகிவிட்டது!

மரத்துக் கறி என்பது பொருத்தமான பெயர். மரம் செடிகளைப் போலக் காளானுக்குப் பச்சையம் கிடையாது. வெயிலைக் கொண்டு உணவு சமைக்க அதனால் முடியாது. செத்த மரத்தைத் தின்றுதான் அது வாழ்கிறது. நாம் காளான் என்று பறிப்பது அதன் பழத்தைப் போன்றது. உண்மையான உடம்பு, மரத்துக்குள்ளே வெள்ளை நூலாக ஓடிக்கொண்டிருக்கும் இழைதான்.

வெள்ளை இழை என்றதும் ரப்பர்த் தோட்டத்து நேயர்கள் சிலருக்குக் கவலை வரலாம். வெள்ளை வேர் நோய் மரத்தைச் சாய்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செம்பனையில் அடித்தண்டை அழுகச் செய்யும் கனோடெர்மாவும் உங்களுக்குத் தெரியும். இவையும் பூஞ்சண இனம்தான். ஆனால் அவை உயிருள்ள மரத்தைத் தாக்குகிறவை. சிப்பிக் காளான் வெட்டிப்போட்ட மரத்தைத் தின்கிற சாது. உங்கள் வீட்டுப் பின்னால் இருபது பை தொங்கினாலும் தோட்டத்து மரத்துக்கு ஓர் ஆபத்தும் இல்லை.

இன்னொரு சங்கதி. இந்தப் பைக்குள் இருப்பது என்ன தெரியுமா? ரப்பர் மரத்தூள். நம் பாட்டனும் பாட்டியும் பால் வெட்டிய அதே மரம். ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை மறுநடவுக்காகச் சாய்ப்பார்கள். ஒரு காலத்தில் அதை விறகாக எரித்தார்கள். ஷீட்டு காய வைக்கும் புகைக்கூட்டிலும் அதுதான் எரிந்தது. 1980-ஆம் ஆண்டுகளில் ரப்பர் மரத்தில் மேசை நாற்காலி செய்யும் தொழில் பெருகியது. அறுக்கும் ஆலைகளில் தூள் மலையாகக் குவிந்தது. அந்தத் தூளைத்தான் காளான் பைக்கு எடுக்கிறார்கள். பொதுவாக நூறு பங்கு தூளுக்குப் பத்துப் பங்கு அரிசித் தவிடு, ஒரு பங்கு சுண்ணாம்பு என்ற எடைக் கணக்கில் கலந்து, ஈரமாக்கி, கனமான பிளாஸ்டிக் பையில் இறுக அடைத்து, பல மணி நேரம் ஆவியில் வேக வைத்து, ஆறிய பிறகு காளான் வித்தைப் போட்டு மூடுவார்கள்.

ஏன் வேக வைக்க வேண்டும்? வீட்டில் தயிர் உறை ஊற்றுகிற தாய்மார்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பாலைக் காய்ச்சி ஆற வைத்துத்தானே உறை மோர் விடுகிறோம்? காய்ச்சாத பாலில் விட்டால் வேறு கிருமி முந்திக்கொண்டு பாலைக் கெடுத்துவிடும். மரத்தூளும் அப்படித்தான். வேக வைத்தால் மற்றப் பூஞ்சணங்கள் சாகும். காளான் இழை போட்டியில்லாமல் பரவும். ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்துக்குள் பை முழுவதும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிடும். இந்தப் பக்குவத்தில்தான் நாம் வாங்குகிறோம். வேக வைப்பதும் வித்துப் போடுவதும் வீட்டில் செய்யச் சிரமமான வேலை. தொடக்கத்தில் அதற்கு ஆசைப்பட வேண்டாம். கடினமான பாதி வேலையை ஒருவர் முடித்துக் கொடுத்துவிட்டார். மிச்சப் பாதி, தண்ணீர் தெளிக்கிற வேலைதான் என்று நினைத்து விடாதீர்கள். அதிலேதான் நான் முதலில் ஏமாந்தேன்.

முதல் தடவை பன்னிரண்டு பை வாங்கினேன். நண்பகல் வெயிலில் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பையைத் தொட்டால் சுட்டது. அதை அப்படியே துத்தநாகக் கூரைக்கு அடியில் பரணில் அடுக்கிவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து ஒவ்வொரு பையின் வாயிலும் ஊற்றினேன். செடிக்கு ஊற்றுவதாக நினைப்பு. பத்து நாளில் ஏழு பை பச்சைப் பூஞ்சணம் பிடித்து நாறியது. மிச்சம் ஐந்தில் ஏதோ பேருக்கு நாலு குடை வந்தது. ஆகவே, நான் செய்த தவறுகளையே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் உங்களுக்கு முழுப் பாடமும் கிடைத்துவிடும்.

முதலில் பையைப் பார்த்து வாங்குங்கள். ஒரு பை சுமார் 800 கிராம் முதல் 1 கிலோ வரை எடை இருக்கும். அடி முதல் வாய் வரை வெண்மை பரவியிருக்க வேண்டும். கையால் அழுத்தினால் கட்டியாக இருக்க வேண்டும், பொலபொலவென்று உதிரக்கூடாது. ஆங்காங்கே மஞ்சளாகச் சிறிது நீர் கோத்திருந்தால் பாதகமில்லை. பச்சைத் திட்டு, கறுப்புத் திட்டு இருந்தால் வேண்டாம். வாயருகில் செம்மஞ்சள் நிறத்தில் மாவு மாதிரி படிந்திருக்கும் பையை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தப் பூஞ்சணம் ஒரே இரவில் பக்கத்துப் பைகளுக்கும் பாயும். வித்துப் போட்ட தேதியைக் கேளுங்கள். நேர்மையான வியாபாரி தயங்காமல் சொல்வார். பலர் பையிலேயே எழுதியும் வைப்பார்கள். காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வந்ததும் திறக்காமல் நிழலில் இரண்டொரு நாள் இளைப்பாற விடுங்கள்.

அடுத்தது இடம். படுக்கை அறை வேண்டவே வேண்டாம். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். சிப்பிக் காளான் முற்றியதும் குடைக்கு அடியிலிருந்து வெள்ளை மாவு போன்ற விதைத்தூளைக் கொட்டும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆனால் காற்றில் மிதக்கும். மூடிய அறையில் நாள்தோறும் அதைச் சுவாசித்தால் இருமலும், மூச்சிரைப்பும், காய்ச்சலும் வரக்கூடும். இழுப்பு நோய் உள்ள பிள்ளையோ முதியவரோ வீட்டில் இருந்தால் வீட்டுக்குள் வைக்காதீர்கள். தோட்டத்து வீடுகளில் அறை சிறியது, ஆட்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குளியலறைக்குப் பின்புறச் சந்து, சமையற்கட்டின் வெளிச்சுவர் ஓரம், பலகை வீடாக இருந்தால் வீட்டுக்கு அடி, கொய்யா மரத்து நிழலில் ஒரு சின்ன அத்தாப்புக் கொட்டகை, இவை ஏற்றவை. நேர் வெயில் படக்கூடாது. பலத்த காற்றும் அடிக்கக்கூடாது. காற்று ஈரத்தைக் கொண்டுபோய்விடும். ஆனால் காற்றே இல்லாத பெட்டி போன்ற இடமும் ஆகாது. செய்தித்தாளைப் படிக்கிற அளவு வெளிச்சம் போதும். துத்தநாகக் கூரை என்றால் அதற்கு நேர் கீழே வைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் காளான் முளைப்பது குறைந்துபோகும். கூரைக்கு அடியில் அத்தாப்போ பழைய சாக்கோ கட்டினால் சூடு தணியும்.

பழைய பலகையிலோ மூங்கிலிலோ ஓர் அடுக்குத் தட்டு செய்து, பைகளைப் படுக்க வைத்து, வாய் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கும்படி அடுக்குங்கள். எறும்பு ஏறாமல் இருக்கக் கால்களைத் தண்ணீர் டப்பாவில் வைப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அந்த டப்பாவில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், காளானுக்கு ஆசைப்பட்டு டெங்கிக் காய்ச்சலை வாங்கிக்கொண்ட கதையாகும். சுகாதார இலாகாவின் அபராதம் வேறு. டப்பாவில் பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை ஊற்றுங்கள். மழை நீர் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனித் திறக்கும் வேலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பையின் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையமும், மூடியும், அதற்குள் பஞ்சோ காகிதமோ இருக்கும். மூடியையும் பஞ்சையும் எடுத்துவிட்டு வளையத்தை அப்படியே விடுங்கள். உள்ளே மேலாக இருக்கும் பழைய வித்துத் தானியங்களை, கொதிநீரில் போட்டு எடுத்த கரண்டியால் இலேசாகச் சுரண்டி எடுங்கள். ஆழமாகத் தோண்டக் கூடாது. பையை அங்கும் இங்கும் கிழிக்கவும் கூடாது. வழி ஒன்றே இருந்தால் காளான் கொத்தாகவும் பெரிதாகவும் வரும்.

காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிக்க வேண்டும். காளானுக்கு நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு ஈரப்பதம் உள்ள காற்று பிடிக்கும். கருவி வைத்து அளக்கத் தேவையில்லை. தரையையும், சுவரையும், சுற்றித் தொங்கவிட்ட சாக்கையும் நனையுங்கள். பையின் வாய்ப்பக்கம் பனி விழுவது போல மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். பைக்குள் தண்ணீர் தேங்கினால் உடனே சாய்த்து வடித்துவிடுங்கள். மழை நாளில் ஒரு வேளை போதும். வறண்ட நாளில் நண்பகலிலும் தரையை நனைக்கலாம்.

தெளிக்கிற பம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தோட்டத்தில் களைமருந்து அடித்த பம்பையோ, மருந்து வந்த தோங்கையோ எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பாராகுவாட்டு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் நாளோடு தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், மற்றக் களைமருந்துகள் புழக்கத்தில் உள்ளன; பழைய தோங்குகளும் பல வீட்டுப் பின்புறத்தில் கிடக்கின்றன. காளான் பஞ்சு போன்றது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதையும் சேர்த்து உறிஞ்சும். கடையில் விற்கும் புதிய சிறு தெளிப்பான் ஒன்று வாங்கிக் காளானுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரையே தெளியுங்கள்.

திறந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் வாயில் ஊசித் தலை போன்ற மொட்டுகள் தெரியும். சில பை முந்தும், சில பிந்தும். மொட்டு வந்துவிட்டால் அதன் வேகம் ஆச்சரியமாக இருக்கும். காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியும். பள்ளிப் பிள்ளைகளை ஓர் அளவுகோலோடு உட்கார வைத்தால் அவர்களுக்கு நல்ல விளையாட்டு. மூன்று நாள் போலப் பறிக்கும் பருவம் வந்துவிடும்.

இந்த மூன்று நாளில் காளானே உங்களோடு பேசும். காம்பு நீண்டு, குடை சின்னதாக இருந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள். குடையின் ஓரம் காய்ந்து வெடித்தால் ஈரம் போதவில்லை. மொட்டு மஞ்சளாகி நீர் கோத்துக் குழைந்தால் தண்ணீரை அதிகம் காட்டிவிட்டீர்கள். நான் முதலில் அனுபவித்தது மூன்றாவது. பெரும்பாலோர் செய்யும் தவறும் அதுதான். பாசத்தால் தண்ணீர் ஊற்றி அழுகவைத்துவிடுகிறோம்.

பறிக்கும் பருவத்தைக் குடையின் ஓரம் காட்டும். ஓரம் இன்னும் சற்றுக் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறியுங்கள். ஓரம் தட்டையாகி மேல்நோக்கி மடங்கினால் முற்றிவிட்டது. விதைத்தூள் கொட்டத் தொடங்கியிருக்கும், தின்னவும் நார் மாதிரி இருக்கும். காலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்னே பறிப்பது நல்லது. நனைந்த காளான் சீக்கிரம் அழுகும். பெரியது சிறியது என்று பொறுக்காமல், கொத்தை அடியோடு பிடித்து, ஒரு திருகுத் திருகி இழுங்கள். கத்தியால் அறுத்தால் அடிக்கட்டை உள்ளேயே தங்கி அழுகும். அங்கேதான் ஈ முட்டையிடும். ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளைக் கரண்டியால் எடுத்து வாயைச் சுத்தமாக்குங்கள்.

பிறகு பைக்கு ஓய்வு. பத்து நாள் போல வாயில் தெளிக்காமல் விடுங்கள். சுற்றுப்புறம் மட்டும் ஈரமாக இருக்கட்டும். மறுபடி தெளிக்கத் தொடங்கினால் இரண்டாம் முறை முளைக்கும். இப்படி மூன்று முறை முதல் ஐந்து முறை வரை எடுக்கலாம். முதல் முறைதான் அதிகம். போகப் போகக் குறையும். பை எடை குறைந்து, பழுப்பாகி, மெத்தென்று ஆகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

தொல்லைகளில் பெரியது கொசுவை விடச் சிறிய ஒரு கறுப்பு ஈ. பையின் வாயில் முட்டையிட்டு, புழு இழையைத் தின்னும். கண்ணில் பட்டதும் கொசு மருந்தை எடுத்து அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள், நாளைக்கு அதைத் தின்னப்போவது உங்கள் பிள்ளை. கொட்டகையைச் சுற்றி நெருக்கமான வலை கட்டுங்கள். மஞ்சள் நிற அட்டையில் பிசுபிசுப்பான எண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். பறித்த கழிவை உடனுக்குடன் அப்புறப்படுத்துங்கள். பச்சைப் பூஞ்சணம் பிடித்த பையைக் கொட்டகைக்குள் பிரிக்காமல், வேறொரு பைக்குள் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். எலியும் கரப்பானும் வரும்; அவற்றுக்கு வலையைத் தவிர வேறு மந்திரம் இல்லை. பையிலிருந்து சிப்பி வடிவம் இல்லாத வேறு ஏதாவது முளைத்தால், குறிப்பாக மெல்லிய காம்போடு கறுத்து மை போல உருகும் குடை வந்தால், அதைத் தின்னாதீர்கள், பையோடு எறியுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு பையிலிருந்து அதன் வாழ்நாளில் 200 முதல் 300 கிராம் வரை எதிர்பார்க்கலாம். நடுவாக 250 கிராம் என்று வையுங்கள். இருபது பை வாங்கினால் மொத்தம் 5 கிலோ. மூன்று மாதம் தருகிறது என்றால் வாரத்துக்கு 400 கிராம்போல. ஒரு குடும்பம் வாரத்தில் இரண்டு வேளை கறி வைக்கலாம். இருபது பைக்கும் நீங்கள் கொடுத்த விலையை 5 கிலோவால் வகுத்துப் பாருங்கள். அதைப் பக்கத்துப் பாசார் மாலாமில் விற்கும் விலையோடு ஒப்பிடுங்கள். மூன்று பை கெட்டுப்போகும் என்றும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆதாயம் தெரிந்தால் செய்யுங்கள். வீட்டுச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும். குடும்பம் நடத்துகிற வருமானம் இருபது பையில் வராது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரேயடியாக ஆயிரம் பை வாங்கினார். விற்றவர்கள், "காளானை நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம்" என்று சொன்னார்களாம். காகிதத்தில் ஒன்றும் இல்லை. முதல் அறுவடைக்கு வந்தார்கள், இரண்டாவதுக்கு வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. ஒரே வாரத்தில் விளைந்த காளான் அவ்வளவையும் அக்கா என்ன செய்வார்? காளான் வெங்காயம் இல்லையே, மூட்டை கட்டி வைப்பதற்கு. அண்டை அயலாருக்குக் கொடுத்தது போக மிச்சத்தைக் குழி வெட்டிப் புதைத்தார். பை நன்றாகத்தான் விளைந்தது. வாங்க ஆள் இல்லாமல் போனதுதான் கேடு. ஆகவே இருபதில் தொடங்குங்கள். ஒரு சுற்று முடித்துக் கை பழகிய பிறகு ஐம்பதுக்குப் போங்கள். விற்க நினைத்தால், முதலில் வாங்குகிறவரைப் பிடித்துவிட்டு அப்புறம் பையை வாங்குங்கள். காய்கறிக் கடைக்காரர், உணவுக்கடைக்காரர், கோவில் அன்னதானத்துக்குச் சமைப்பவர் என்று பலர் உண்டு. பாமா நடத்தும் பாசார் தானியிலும் விசாரிக்கலாம். 1969-இல் அமைக்கப்பட்ட மார்டி என்னும் வேளாண்மை ஆய்வுக் கழகமும், வேளாண்மை இலாகாவும் காளான் வளர்ப்புப் பயிற்சி நடத்தி வந்திருக்கின்றன. பெரிய அளவில் செய்ய விரும்புவோர் பணத்தை எடுப்பதற்கு முன் அங்கே போய்க் கேளுங்கள்.

சத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. காளான் இறைச்சிக்குச் சமம் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். முழுக்க நம்பாதீர்கள். புதிய காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். 100 கிராமில் 3 கிராம் போலத்தான் புரதம். பருப்பையும் முட்டையையும் மீனையும் நிறுத்திவிட்டுக் காளானைக் கொடுத்தால் பிள்ளை இளைத்துப்போகும். பருப்போடும் முட்டையோடும் சேர்த்துக் கொடுங்கள். கொழுப்புக் குறைவு, நார்ச்சத்து உண்டு, பி வகை வைட்டமின்கள் சில உண்டு. சர்க்கரை நோய்க்காரர்களும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதுவே நோய்க்கு மருந்தாகாது.

சமைப்பதற்கு முன் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் ஓர் அலசு அலசி, கையாலேயே நீளவாக்கில் கிழித்துக்கொள்ளுங்கள். பச்சையாகத் தின்னக் கூடாது. நன்றாக வேக வேண்டும். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த பூண்டு, மிளகு போட்டு, பெரிய தீயில் வதக்குங்கள். காளான் தண்ணீர் விடும்; அந்தத் தண்ணீர் சுண்டி மறுபடி எண்ணெய் தெரியும்போது உப்புப் போட்டு இறக்கினால் அதுதான் பிரட்டல். நெத்திலிச் சம்பலில் நெத்திலிக்குப் பதில் காளான் போட்டாலும் சுவையாக இருக்கும். புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் முதல் நாள் சிறிதளவே சாப்பிட்டுப் பாருங்கள். சிலருக்குக் காளான் ஒத்துக்கொள்வதில்லை. மிஞ்சியதைக் காகிதப் பையில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். பிளாஸ்டிக்கில் இறுகக் கட்டினால் வியர்த்து அழுகும். நல்ல வெயில் கிடைத்தால் கிழித்துக் காயவைத்து டின்னில் போடலாம்.

விளைந்து ஓய்ந்த பையையும் வீணாக்காதீர்கள். பிளாஸ்டிக்கைக் கிழித்துத் தனியே எடுத்துவிடுங்கள், எரிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் தூளை உதிர்த்து, கோழி எருவோடு கலந்து, நிழலில் குவித்து, ஒரு மாதம்போல மக்க விடுங்கள். மிளகாய்க்கும் கத்தரிக்கும் நல்ல உரம். என் வீட்டில் பாசிப்பயறு மாதிரி நெருங்கிக் காய்க்கும் சீனி மிளகாய் அந்த உரத்தில் வளர்ந்ததுதான்.

இரண்டாம் தடவை நான் பத்துப் பை வாங்கி, சொன்ன முறையில் வளர்த்தேன். முதல் கொத்துக்கே ஒரு தட்டு நிறையக் காளான். அம்மா கிட்டே வரவில்லை. நானே சமைத்தேன், நானே சாப்பிட்டேன். அம்மா அன்று இரவு முழுவதும் தூங்காமல், ஒரு மணிக்கு ஒரு தடவை வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். காலையில் நான் எழுந்து பசியாற உட்கார்ந்தபோது, மிச்சம் இருந்த பிரட்டலைச் சூடு காட்டித் தன் தட்டிலும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். இப்போது தண்ணீர் தெளிக்கிற வேலையை என்னிடம் விடுவதில்லை.